மூளை வரையும் கோடுகள்: மறதி நோயைத் தேடிய நூறு ஆண்டுகள்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் சேர்த்தே கேட்டார்கள். "ஹாஸ்டல் கதை எழுத நிறைய பேர் இருக்காங்க. நீ ஏதாவது விஷயத்தோட எழுதுப்பா." அதனால் மறதியைப் பற்றி எழுதுகிறேன். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதி அல்ல, சாவி எதற்கு என்பதே தெரியாமல் போகிற மறதி. டாக்டர்கள் டிமென்ஷியா என்பார்கள். அதில் பெரும்பங்கு அல்சைமர் நோய்.

இந்த மலரைப் படிப்பவர்களில் எழுபது வயதைத் தாண்டிய மூத்த மாணவர்களும் உண்டு, இன்னும் அரியர்ஸ் பேப்பரோடு மல்லுக்கட்டும் தம்பி தங்கைகளும் உண்டு. இரு தரப்புக்கும் இதில் சேதி இருக்கிறது. தலையில் ஒயர்களை ஒட்டி எடுக்கிறார்களே இ.இ.ஜி., அந்த மூளை மின்பதிவை வைத்து மறதி நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு வயது கிட்டத்தட்ட நூறு. அதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

ஜெர்மனியில் தொடங்கிய கதை

மூளையில் மின்சாரம் ஓடுகிறது என்பதை 1875-இலேயே லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன் முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் அளந்து சொல்லிவிட்டார். மனித மூளையில் அதை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஜெனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஆண்டு 1924.

அவர் இதில் இறங்கிய காரணம் விசித்திரமானது. இளமையில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பினார். அன்றே வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று எங்கோ இருந்த அக்காவுக்கு மனசில் பட்டதாம். மனசிலிருந்து மனசுக்கு ஏதோ ஒரு சக்தி பாய்கிறது, அதை அளந்தே தீருவது என்று பெர்கர் கிளம்பினார். தேடிப்போன சக்தி கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது தலையின் பின்பக்கத்தில் விநாடிக்குப் பத்து முறை போல ஏறி இறங்கும் ஓர் அலை. ஆல்ஃபா என்று பெயர் வைத்தார்.

ஐந்து வருஷம் தன்னையே சந்தேகித்துச் சோதித்துவிட்டு 1929-இல்தான் கட்டுரையை வெளியிட்டார். யாரும் பெரிதாக நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதே சோதனையைச் செய்து, பெர்கர் சொன்னது சரிதான் என்றார்கள். உலகம் அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தது.

நம் விஷயத்துக்கு முக்கியமானது இதற்கு இடையில் நடந்தது. 1930-களின் தொடக்கத்திலேயே பெர்கர் அல்சைமர் நோயாளிகளின் மின்பதிவையும் எடுத்து, அது மாறியிருப்பதைக் குறித்து வைத்தார். அல்சைமர் என்ற மருத்துவர் தன் நோயாளி ஒருவரின் மூளையைப் பற்றி 1906-இல் பேசி அப்போது முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆக, நோயும் கருவியும் கிட்டத்தட்டச் சேர்ந்தே வளர்ந்தவை.

கோடு என்ன சொல்கிறது?

டார்ச் லைட் செல் ஒன்றின் 1.5 வோல்ட்டை முப்பதாயிரம் பங்கு போடுங்கள். ஒரு பங்கு 50 மைக்ரோவோல்ட். மண்டையோட்டுக்கு வெளியே நமக்குக் கிடைக்கும் மூளைச் சமிக்ஞை அந்த அளவுதான், பல சமயம் அதிலும் குறைவு. லட்சக்கணக்கான நரம்பு செல்கள் சேர்ந்தாற்போல இயங்கினால்தான் அதுவும் வெளியே தெரியும். கோயில் திருவிழாக் கூட்டத்தில் தனித்தனிப் பேச்சு கேட்காது, எல்லோரும் ஒன்றாகக் கும்மி தட்டினால் தெரு முனை வரை கேட்கும். அந்த மாதிரி.

விநாடிக்கு 8 முதல் 13 அலை என்றால் ஆல்ஃபா. 4 முதல் 8 தீட்டா. அதற்கும் கீழே டெல்டா. விழித்திருக்கும் ஆரோக்கியமான பெரியவரிடம் கண்ணை மூடியதும் ஆல்ஃபா தெளிவாக எழும். அல்சைமர் நோயில் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் அழிகின்றன. அசிட்டைல்கோலின் என்ற ரசாயனமும் குறைகிறது. கூட்டத்தின் தாளம் தளர்கிறது. முதலில் தீட்டா கூடும், ஆல்ஃபாவின் வேகமும் வலுவும் குறையும். நோய் முற்றும்போது டெல்டா தலைகாட்டும். சுருங்கச் சொன்னால் பதிவு மந்தமாகிறது.

இவ்வளவு தெரிந்தும் இதை வைத்து நோயை உறுதி செய்ய ஏன் முடியவில்லை? தூக்கக் கலக்கத்திலும் பதிவு மந்தமாகும். தூக்க மாத்திரை போட்டாலும் ஆகும். தைராய்டு குறைந்தாலும் ஆகும். மந்தம் என்பது ஜுரம் மாதிரி. ஏதோ சரியில்லை என்று சொல்லும், என்னவென்று சொல்லாது.

சென்னைக்கு வந்த வழி

1949-இல் ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவர் கனடாவின் மாண்ட்ரீலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். அந்த நிறுவனத்தில்தான் ஹெர்பர்ட் ஜாஸ்பர் மின்பதிவில் வேலை செய்துகொண்டிருந்தார். தலையில் எந்தெந்த இடத்தில் ஒயரை ஒட்ட வேண்டும் என்பதற்கு 1958-இல் அவர் வகுத்த 10-20 முறைதான் இன்றும் உலகம் முழுக்க நடைமுறை.

1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த வருஷம், 1951-இல், சென்னையில் இந்திய நரம்பியல் கழகம் பிறந்தது. நிறுவியவர்கள் நாலே பேர்: ஜேக்கப் சாண்டி, ராமமூர்த்தி, பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன். இவர்களில் நரசிம்மனின் துறை மூளை மின்பதிவு. அந்தத் துறைக்கு இந்தியாவில் தொடக்கத்திலிருந்தே ஒரு நாற்காலி இருந்தது, அது போடப்பட்டது நம் ஊரில்.

பல்தேவ் சிங் பிறகு டெல்லி எய்ம்ஸுக்குப் போய், ஆனந்த், சீனா ஆகியோரோடு சேர்ந்து யோகிகளின் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார். 1961-இல் வந்த அந்தக் கட்டுரை உலகப் புகழ் பெற்றது. சமாதியில் இருக்கும் யோகியின் மூளையை ஆராய்ந்துவிட்டோம், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் மூளைக்கு வரப் பல வருஷம் ஆயிற்று!

அக்காலத்தில் இ.இ.ஜி.க்கு இரண்டு பெரிய வேலைகள். ஒன்று வலிப்பு. மற்றொன்று, மூளைக்குள் கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஊகிப்பது. 1971-இல் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. கட்டி எங்கே என்று படமே காட்டும்போது கோடுகளைப் பார்த்து ஊகிப்பானேன்? கொஞ்சம் கொஞ்சமாக இ.இ.ஜி. வலிப்பு நோய்க்கான கருவி என்று ஒதுங்கிவிட்டது.

ராமமூர்த்தி பின்னாளில் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையில் டாக்டர் ஏ. லட்சுமிபதி நரம்பியல் அறுவை மையத்தை உருவாக்கினார். வி.எச்.எஸ். என்பது டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-இல் நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்காகத் தொடங்கியது. மயிலாப்பூர், அடையாறு வாசிகளுக்கு நரம்பு டாக்டர் என்றால் பாரிமுனை பஸ் ஏறித்தான் போகணும் என்ற நிலை அதனால் மாறியது.

"வயசாச்சு, அவ்வளவுதான்"

கருவி ஒதுங்கிய காலத்தில் சென்னை வேறொரு வேலையைச் செய்தது. மறதி நோய் உள்ளவர்களைத் தேடிப் போய் எண்ணியது. ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-இல் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கி வைத்தார். இந்தியாவில் அதற்கு முன்னோடி இல்லை. சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் கிராமப் பகுதியில் ராஜ்குமார், குமார், தாரா ஆகியோர் நடத்திய ஆய்வு 1997-இல் வெளிவந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா.

1998-இல் 10/66 என்ற பெயரில் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு உருவானது. பெயர்க் காரணம்: டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில், அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ 10 சதவீதத்துக்கும் கீழே. சென்னை நகரமும் வேலூர் கிராமங்களும் இதன் களங்கள். 

2008-இல் முடிவுகள் வந்தன. அமெரிக்க அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்தியக் கிராமத்தில் முதியவர்களில் 0.3 சதவீதம் பேருக்குத்தான் நோய். கியூபாவில் 6.3 சதவீதம். நம் கிராமத்து மூளை அவ்வளவு உறுதியா? இல்லை. அந்த அளவுகோலின்படி, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருப்பதாகக் குடும்பத்தார் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் யார் சொல்வது? கணக்கைப் பையன் பார்த்துக்கொள்கிறான், சாதத்தை மருமகள் தட்டில் போட்டுவிடுகிறாள், வெளியே போனால் பேரன் கூடப் போகிறான். "எப்படி இருக்கார்?"னு கேட்டா, "வயசாச்சு, அவ்வளவுதான்" என்பார்கள். 10/66 குழு தானே வடிவமைத்த அளவுகோலில் பார்த்தபோது, எந்தக் களத்திலும் 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. நோய் அங்கேதான் இருந்தது. குடும்பத்தின் அன்பு அதை மூடி வைத்திருந்தது. 2023-இல் வெளியான தேசிய மதிப்பீட்டின்படி அறுபதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. சுமார் 88 லட்சம் பேர்.

குடும்பத்தின் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சொல்லும் ஒரு கருவி நமக்குத்தான் அதிகம் தேவை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

"நார்மல்" என்ற வார்த்தை

எங்கள் பெரியப்பா தி. நகர்வாசி. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடேசன் பூங்காவில் தினமும் ஆறு சுற்று நடப்பார். மனக்கணக்கில் புலி. ஒரு நாள் பூங்காவிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் வெங்கடநாராயணா ரோட்டில் திகைத்து நின்றுவிட்டார். தெரிந்த பூக்காரம்மா கூட்டி வந்து விட்டார். ஒரு பரிசோதனை நிலையத்தில் இ.இ.ஜி. எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஒரே வரி, "நார்மல்". பெரியம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அந்தக் காகிதத்தின் தைரியத்தில் ஒன்றரை வருஷம் ஓடியது. பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர் நிதானமாக உட்கார்ந்து பேசி, எழுத வைத்து, கடிகாரம் வரைய வைத்துச் சோதித்தபோதுதான் அல்சைமர் என்பது தெரிந்தது.

அந்த ரிப்போர்ட் பொய் இல்லை. ஆல்ஃபா விநாடிக்கு எட்டுக்கு மேல் இருந்தால் நார்மல்தான். ஆனால் பெரியப்பாவுக்கு ஐம்பது வயதில் அது பத்தரையாக இருந்து, இப்போது எட்டரைக்கு இறங்கியிருந்தால்? இரண்டுமே நார்மல். இறக்கம் நார்மல் இல்லை. இறங்கியதா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. பழைய பதிவு இல்லை.

என் வேலை சுழலும் எந்திரங்களின் அதிர்வை அளப்பது. டர்பைனைப் புதிதாக நிறுவியதும் முதல் காரியமாக அதிர்வை அளந்து எழுதி வைப்போம். பேஸ்லைன் என்போம். ஐந்து வருஷம் கழித்து பேரிங் சத்தம் போட்டால் அந்த எண்ணைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்போம். பேஸ்லைன் இல்லாத எந்திரத்தின் ஒற்றை ரீடிங்கை வைத்து எந்த என்ஜினியரும் கையெழுத்துப் போட மாட்டான். ஒரே மாடல் டர்பைன்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும்போது, மனித மூளைக்குக் கேட்க வேண்டுமா?

நூறு ஆண்டு வரலாற்றைப் படித்து நான் கண்டது இதுதான். மின்பதிவு மறதி நோயைக் காட்டிக் கொடுக்கும் திறன் இல்லாதது அல்ல. ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு அதனிடம் தீர்ப்பு கேட்டதுதான் கோளாறு.

பெங்களூரு காட்டிய வழி

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்ரதிம் ரே குழுவினர் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆல்ஃபாவை விட வேகமான காமா அலைகளை எடுத்துக்கொண்டார்கள். ஐம்பதை எட்டிய, தாண்டிய 244 பேரைத் திரையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் பார்க்கச் சொன்னார்கள். பட்டைகளைப் பார்க்கும்போது மூளையின் பின்பக்கத்தில் காமா எழும்பும். லேசான நினைவுக் குறைவு உள்ள 12 பேரிடமும், அல்சைமர் உள்ள 5 பேரிடமும் அந்த எழுச்சி, அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்களைவிடக் குறைவாக இருந்தது. இவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகள் அல்ல, சமூகத்திலிருந்து திரட்டப்பட்ட சாதாரண மனிதர்கள்.

மின்னியல் படித்தவர்கள் இதில் ஒரு சிரமத்தைக் கவனித்திருப்பீர்கள். அவர்கள் அளந்த வேகமான காமா 36 முதல் 66 வரை. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சரியாக நடுவில் வந்து உட்கார்ந்து ரீங்காரம் போடும். அதைப் பிரித்து மைக்ரோவோல்ட்டைக் காப்பாற்றுவது மருத்துவர் வேலை அல்ல, நம் வேலை.

இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் ஃபாஸ்ட்பால் என்றொரு முறை. படங்கள் வேகமாக ஓடும். நோயாளி எதுவும் சொல்ல வேண்டாம், பட்டனை அமுக்க வேண்டாம். முன்பு பார்த்த படத்தை மூளை அடையாளம் காண்கிறதா என்பதைச் சில நிமிடப் பதிவே சொல்லிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் செய்யலாம் என்பது நமக்கு முக்கியம். இரண்டுமே இன்னும் ஆய்வு நிலையில் இருப்பவை. நாளைக்கே ஆஸ்பத்திரியில் கேட்டால் கிடைக்காது.

பெங்களூரு மூளை ஆய்வு மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்தவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு நாட்டின் பேஸ்லைன் இப்படித்தான் உருவாகும். நம் பக்கமும் சும்மா இல்லை. அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனித மூளையை செல் அளவில் படம் பிடிக்கிறது. கிண்டியில் 2024 பிப்ரவரியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆய்வுக்கூடமும் முதியோர் மருத்துவமனையும் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் நீண்ட காலப் பதிவுதான் வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு

இறுதியாண்டு புராஜெக்டுக்கு "இ.இ.ஜி. மூலம் அல்சைமர் கண்டறிதல்" நல்ல தலைப்பு. ஆனால் 99 சதவீதத் துல்லியம் வந்தால் கொண்டாடாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஒருவரின் பதிவைச் சிறு சிறு துண்டாக்கி, சில துண்டுகளைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் கொடுத்தால், கம்ப்யூட்டர் நோயைக் கற்காது, ஆளைக் கற்கும். தேர்வுக்கு முன்னால் கேள்வித்தாளைப் பார்த்த மாதிரி. ஒரு மனிதரின் பதிவு முழுவதும் ஒரு பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்போது துல்லியம் இறங்கும். இறங்கிய எண்தான் நேர்மையான எண்.

மூத்தவர்களுக்கு

பயப்பட எழுதவில்லை. எல்லோரும் உடனே தலையில் ஒயர் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. உங்களைப் பற்றிய பழைய ரீடிங் ஒன்று உங்களிடமே இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான். ஐம்பது, அறுபது வயதில், எல்லாம் நன்றாக இருக்கும்போதே, மருத்துவரிடம் ஒரு நினைவாற்றல் சோதனை செய்து மதிப்பெண்ணைப் பத்திரப்படுத்துங்கள். ஏதோ காரணத்துக்கு இ.இ.ஜி. எடுத்தால் ஒரு வரி ரிப்போர்ட்டோடு வராமல், மூலப்பதிவைக் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கருவிகளில் இ.டி.எஃப். என்ற பொது வடிவில் எடுக்க முடியும். இருபது வருஷம் கழித்து ஒரு மருத்துவருக்கு அது தங்கம். முதியோர் ஆய்வுகளில் ஆரோக்கியமானவர்கள் தேவை என்று யாராவது கேட்டால் தயங்காமல் பெயர் கொடுங்கள்.

காது மந்தமானால் கருவி மாட்டிக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் கட்டுக்குள் வையுங்கள். 2024-இல் லான்செட் குழு பதினாலு காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் கவனித்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே இந்த மாதிரிக் கூட்டங்களுக்குத் தவறாமல் வாருங்கள், பழைய நண்பர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

வீட்டில் யாராவது வழக்கத்துக்கு மாறாகத் தடுமாறினால் "வயசாச்சு, அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ பேர் காணாமல் போயிருக்கிறார்கள்.